மணிக்கூட்டுக்குள்ள யாருடைய எஞ்சின்? ஓரிஸ் திரும்பி வந்த கதை



போன எபிசோட்டில் ஸ்மார்ட் வாட்ச் பற்றரி ஏன் ஒரு நாளைக்கு மேல் தாங்குதில்லை என்று கதைத்துக்கொண்டிருந்தோம். முடியப் போகிற நேரம், "பற்றரியே இல்லாமல் அஞ்சு நாள் ஓடுற மணிக்கூடு ஒண்டு இருக்கு, பாசலுக்குப் பக்கத்தில செய்யிறாங்கள்" என்று சொல்லிவிட்டு நான் ஓடிவிட்டேன். பிறகு கனபேர் கேட்டிருந்தீர்கள், அது என்ன கதை என்று. பல்லுச்சக்கரத்தையும் சுருள்வில்லையும் காதால் கேட்டு விளங்கிக்கொள்வது கஷ்டம். அதனால் இந்தக் கிழமை எழுத்தில்.

மணிக்கூட்டின் பெயர் ஓரிஸ். விலையுயர்ந்த மணிக்கூடுகளைப் பற்றி வாய் பிளந்து எழுதுகிற கட்டுரை இல்லை இது, பயப்பட வேண்டாம். இந்த நிறுவனத்தின் 120 வருடத்துக்கும் மேற்பட்ட கதையில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: மணிக்கூட்டுக்குள் என்ன இருக்க வேண்டும் என்று முடிவெடுப்பவர் யார்? ஒரு காலத்தில் அரசாங்கம் முடிவெடுத்தது. பிறகு ஒரு பெரிய குழுமம். அதற்குப் பிறகு எஞ்சின் விற்கிற நிறுவனம். தானே முடிவெடுக்க ஓரிஸ் பட்ட பாடுதான் இந்தக் கதை. மென்பொருள், சிப், கிளவுட் என்று வேலை செய்கிற எங்கள் எல்லாருக்கும் இது தெரிந்த கேள்விதான்.

ஆற்றின் பெயரில் ஒரு தொழிற்சாலை

சுவிஸ் மணிக்கூடு என்றவுடன் எல்லாருக்கும் ஜெனீவாவும் யூரா மலைப் பக்கமும்தான் ஞாபகம் வரும். ஓரிஸ் இருப்பது ஜெர்மன் கதைக்கிற பக்கத்தில், பாசல்-லாண்ட் மாநிலத்தில், ஹோல்ஸ்டைன் என்ற ஊரில். லீஸ்டாலில் இறங்கி, வால்டன்பூர்க் பக்கம் போகிற சின்ன ரயிலில் ஏறினால் போய்விடலாம். அந்த ரயில் பாதை 2021 வரைக்கும் வெறும் 75 சென்டிமீட்டர் அகலம். இப்போது ஒரு மீட்டராக்கி, 2022 டிசம்பரில் திரும்பத் திறந்திருக்கிறார்கள்.

1904இல் போல் கத்தன், ஜோர்ஜ் கிறிஸ்ரியான் என்ற இரண்டு பேர், மணிக்கூட்டுத் தொழிலுக்குப் பேர்போன லு லொக்ல் நகரத்திலிருந்து இங்கே வந்தார்கள். மூடிக் கிடந்த ஒரு மணிக்கூட்டுத் தொழிற்சாலையை வாங்கினார்கள். பக்கத்தில் ஓடுகிற சிற்றாற்றின் பெயரையே நிறுவனத்துக்கு வைத்தார்கள். 1911 அளவில் 300க்கு மேற்பட்டவர்களுக்கு அங்கே வேலை. ஊரிலேயே பெரிய முதலாளி ஓரிஸ்தான்.

அவர்கள் செய்தது பணக்காரருக்கான மணிக்கூடு இல்லை, வேலைக்குப் போகிற சனத்துக்கான மணிக்கூடு. 1938இல் வந்த பிக் கிரவுன் அதற்கு நல்ல உதாரணம். விமானிகள் கையுறையைக் கழற்றாமலே திருகக்கூடிய பெரிய திருகு அதில் இருந்தது. திகதியைக் காட்ட நடுவிலிருந்து ஒரு தனி முள்ளும் இருந்தது. இரண்டும் இன்றைக்கும் ஓரிஸின் அடையாளம்.

பூட்டு ஒன்று: சட்டம்

இங்கே கொஞ்சம் எஞ்சினியரிங் வேண்டும்.

மெக்கானிக்கல் மணிக்கூட்டில் சக்தி வருவது சுருட்டி வைத்த ஒரு வில்லிலிருந்து. அதை அப்படியே விட்டால் சர்ரென்று ஒரே மூச்சில் அவிழ்ந்துவிடும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே தாளத்தில் அவிழ விடுகிற பகுதிக்குப் பெயர் எஸ்கேப்மென்ட். "டிக் டிக்" சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. ஒரு சின்ன நெம்புகோல் பல்லுச்சக்கரத்தைப் பிடிக்கும், விடும், திரும்பப் பிடிக்கும். அந்த நெம்புகோலின் நுனியில் என்ன இருக்கிறது என்பதுதான் மணிக்கூட்டின் தரத்தைத் தீர்மானிக்கிற ஒரு பெரிய விஷயம்.

நல்ல மணிக்கூடுகளில் அந்த நுனியில் செயற்கை ரூபிக் கல் இருக்கும். உராய்வு குறைவு, தேய்மானமும் குறைவு. மலிவான மணிக்கூடுகளில் கல்லுக்குப் பதில் உலோக ஊசி. 1860களில் ஜோர்ஜ் பிரெடெரிக் ரொஸ்கொப் என்பவர், ஒரு தொழிலாளி வாங்கக்கூடியதாக 20 பிராங்குக்கு ஒரு மணிக்கூடு செய்ய வேண்டும் என்று மினக்கெட்டார். அந்த முயற்சியில்தான் இந்த ஊசி முறை பெரிய அளவில் பரவியது. ஓரிஸும் அந்த வழியில் வந்த ஊசி நெம்புகோல் மணிக்கூடுகளைத்தான் செய்துகொண்டிருந்தது.

சரி, கல் வைத்துச் செய்யத் தொடங்கலாம்தானே என்று கேட்பீர்கள். முடியாது, சட்டம் விடாது.

1930களின் பொருளாதார வீழ்ச்சியில் சுவிஸ் மணிக்கூட்டுத் தொழில் ஆட்டம் கண்டது. தொழிலைக் காப்பாற்ற என்று 1934இல் ஒரு மணிக்கூட்டுச் சட்டம் வந்தது. புதுத் தொழிற்சாலை திறக்கவும், இருப்பதைப் பெருப்பிக்கவும், ஒரு வகை உற்பத்தியிலிருந்து இன்னொரு வகைக்கு மாறவும் அனுமதி வேண்டும். நோக்கம் நல்லதுதான்: ஆளையாள் விலை குறைத்துச் சாகக்கூடாது. ஆனால் விளைவு என்ன? 1934இல் நீ எந்த இடத்தில் நின்றாயோ, அங்கேயே நில். ஊசியோடு பிடிபட்ட ஓரிஸ், ஊசியோடேயே இருக்க வேண்டியதாயிற்று.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. அந்த ஊசி எஸ்கேப்மென்ட்டையே எவ்வளவு துல்லியமாக்கலாமோ அவ்வளவு துல்லியமாக்கினார்கள். ஆனாலும் "ஊசி மணிக்கூடு" என்ற பெயர் போகவில்லை. 1956இல், அப்போது நிறுவனத்தை நடத்திய ஒஸ்கார் ஹெர்ட்ஸோக், ரொல்ஃப் போர்ட்மன் என்ற இளம் சட்டத்தரணி ஒருவரை வேலைக்கு எடுத்தார். அவருக்குக் கொடுத்த வேலை இந்தச் சட்டத்தை எதிர்ப்பது. பத்து வருடம் போராடி, 1966இல் போர்ட்மன் வென்றார்.

பூட்டுத் திறந்த இரண்டே வருடத்தில், 1968இல், முறையான நெம்புகோல் எஸ்கேப்மென்ட்டோடு காலிபர் 652 வந்தது. அதற்குக் குரோனோமீட்டர் சான்றிதழும் கிடைத்தது. (காலிபர் என்றால் மணிக்கூட்டுக்குள் இருக்கிற எஞ்சினின் மாதிரிப் பெயர். இனி அடிக்கடி வரும்.) செய்யத் தெரியாமல் இருந்தவர்கள் இரண்டு வருடத்தில் அந்த நிலைக்கு வந்திருக்க முடியாது. தெரிந்திருந்தது, விடவில்லை. அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் ஓரிஸில் 800 பேர் வேலை செய்தார்கள். வருடத்துக்கு 12 லட்சம் மணிக்கூடுகள் வெளியே போயின. உலகின் பத்துப் பெரிய மணிக்கூட்டு நிறுவனங்களில் ஒன்று என்ற இடம்.

பூட்டு இரண்டு: குழுமம்

முப்பது வருடம் காத்திருந்து கிடைத்த சுதந்திரத்தை அனுபவிக்கச் சில வருடம்கூடக் கிடைக்கவில்லை.

1969 டிசம்பர் 25ஆம் திகதி, ஜப்பானின் செய்கோ நிறுவனம் அஸ்ட்ரோன் என்ற முதல் குவார்ட்ஸ் கைமணிக்கூட்டை விற்பனைக்கு விட்டது. மெக்கானிக்கல் மணிக்கூட்டின் இதயம் செக்கனுக்கு எட்டுத் தரம் அடிக்கும் என்றால், இன்றைய சாதாரணக் குவார்ட்ஸ் மணிக்கூட்டின் கல் செக்கனுக்கு 32,768 தரம் அதிரும். கம்பியூட்டர் படிக்கிறவர்களுக்கு அந்த எண் தெரிந்திருக்கும்: இரண்டின் 15ஆம் அடுக்கு. திரும்பத் திரும்ப இரண்டால் பிரித்துக்கொண்டு போனால் சரியாக ஒரு செக்கன் கிடைக்கும். எவ்வளவு வேகமாகத் துடிக்கிறதோ அவ்வளவுக்குக் குலுக்கலும் வெப்பமும் அதைக் குழப்புவது குறைவு. 20 பிராங் குவார்ட்ஸ் மணிக்கூடு மாதத்துக்கு ஏறக்குறைய 15 செக்கன் பிழைக்கும். மெக்கானிக்கல் மணிக்கூடு அதை இரண்டு மூன்று நாளிலேயே பிழைத்துவிடும். துல்லியத்தில் இது போட்டியே இல்லை.

1970இல் சுவிஸில் ஏறக்குறைய 90,000 பேர் மணிக்கூட்டுத் தொழிலில் இருந்தார்கள். 80களின் நடுப்பகுதியில் அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. யூராப் பக்கத்து ஊர்களில் அப்பாவும் மகனும் ஒரே நாளில் வேலை இழந்த வீடுகள் இருந்தன.

ஒரு நிமிடம் நில்லுங்கோ. 80களின் நடுப்பகுதி என்றால் எங்கள் அப்பா அம்மாவின் தலைமுறை சூட்கேசோடு இங்கே வந்து இறங்கத் தொடங்கிய காலம். மணிக்கூட்டு நாடு என்று கேள்விப்பட்டு வந்தவர்களுக்கு, மணிக்கூட்டுத் தொழிற்சாலைகள் மூடிக்கொண்டிருந்த நாடு கிடைத்தது. அவர்களில் கனபேர் போனது உணவகச் சமையலறைகளுக்கு. என்னுடைய அப்பாவும் அப்படித்தான். எங்களுக்கு இன்றைக்குப் பணக்கார நாடாகத் தெரிகிற இந்த ஊரும் அந்தக் காலத்தில் பயந்துபோய்த்தான் இருந்தது என்பதை நாங்கள் யோசிப்பதில்லை.

ஓரிஸுக்கு என்ன நடந்தது? 1970இல் அது ஆசுவாக் என்ற பெரிய குழுமத்துக்குள் போனது. தனியாக நின்றால் சாவோம், சேர்ந்து நிற்போம் என்பதுதான் அன்றைய யோசனை. ஆனால் பெரிய குழுமத்துக்குள் சின்ன பிராண்டு எப்போதும் கணக்கில் ஒரு வரி மட்டும்தான். சொந்தக் காலிபர் செய்வது நின்றது. கணக்குச் சரிவராவிட்டால் அந்த வரியை வெட்டிவிடுவார்கள்.

இரண்டு பேரின் முடிவு

1982இல் அந்த வரியை இரண்டு பேர் வெளியே எடுத்தார்கள். ஒருவர் உல்ரிக் ஹெர்ட்ஸோக், நிறுவனத்துக்குள்ளேயே வேலை பார்த்தவர். மற்றவர் யார் தெரியுமா? 26 வருடத்துக்கு முதல் சட்டத்தோடு சண்டை பிடிக்க வந்த அதே சட்டத்தரணி, ரொல்ஃப் போர்ட்மன். இரண்டு பேருமாக ஓரிஸை வாங்கினார்கள்.

அவர்கள் எடுத்த முடிவு அந்த நேரத்தில் கிறுக்குத்தனமாகத் தெரிந்திருக்கும்: குவார்ட்ஸை விடுவோம், மெக்கானிக்கல் மட்டும் செய்வோம்.

அடுத்த வருடமே, 1983 மார்ச்சில், ஸ்வாட்ச் வந்தது. 51 துண்டுகளால் செய்த பிளாஸ்டிக் குவார்ட்ஸ் மணிக்கூடு. சுவிஸ் தொழிலைக் காப்பாற்றியது அதுதான் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும், அது பொய்யில்லை. ஆசுவாக் இன்னொரு குழுமத்தோடு சேர்ந்து, பின்னாளில் ஸ்வாட்ச் குழுமமாக ஆனது. ஒரே ஆபத்துக்கு இரண்டு பதில்கள் இருந்தன என்று பார்த்தால் இந்தக் கதை இன்னும் சுவையாக இருக்கும். ஒரு பதில், ஜப்பானை அவர்களின் விளையாட்டிலேயே வெல்வது. மற்றது, அந்த விளையாட்டையே விட்டுவிட்டு வருவது. துல்லியத்தில் தோற்றாயிற்று. மணிக்கூட்டை இனி யாரும் நேரம் பார்க்க மட்டும் வாங்கப் போவதில்லை. அப்படியென்றால் உள்ளே ஓடுகிற இயந்திரத்தை விரும்புகிறவனுக்குச் செய்வோம் என்பது ஓரிஸின் கணக்கு.

இதே காலத்தில் பழைய பெயர்களை உயிர்ப்பிக்கிற வேலையும் தொடங்கியது. ஜோன்-குளோட் பிவேரும் ஜாக் பிகேயும் பிளோன்பன் என்ற தூங்கிக் கிடந்த பெயரை ஏறக்குறைய 22,000 பிராங்குக்கு வாங்கி, எழுப்பி, 1992இல் பல கோடிக்கு, பின்னாளில் ஸ்வாட்ச் குழுமம் என்று பெயர் பெற்ற அதே குழுமத்துக்கு விற்றார்கள். எங்கள் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1737 என்று தன் தொடக்கத்தைச் சொல்கிற ஃபாவ்ர்-லூபா, இந்தியாவில் ஒரு காலத்தில் வீட்டுப் பெயர். தமிழ்நாட்டு ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கிற டைட்டன் அதை 2011இல் வாங்கியது. 2023இல் அது எத்தோஸ் நிறுவனத்தின் கைக்கு மாறி, 2024இல் ஜெனீவாவில் திரும்ப அறிமுகமானது. பெயர் கைமாறிக்கொண்டே இருக்கிறது. ஓரிஸ் மட்டும் 1982இலிருந்து எந்தக் குழுமத்துக்கும் போகவில்லை.

பூட்டு மூன்று: வாங்கிய எஞ்சின்

ஆனால் ஒரு பிரச்சினை மிச்சம் இருந்தது. பெயர் சொந்தம், தொழிற்சாலை சொந்தம், எஞ்சின் சொந்தமில்லை.

சுவிஸில் மெக்கானிக்கல் எஞ்சின்களை மொத்தமாகச் செய்து விற்ற பெரிய நிறுவனம் ஈ.டி.ஏ. அது ஸ்வாட்ச் குழுமத்துடையது. ஓரிஸும் அதைப்போல நூறு பிராண்டுகளும் அங்கே வாங்கி, அதன் மேல் தங்கள் வேலையைச் சேர்த்தார்கள். 2002இல் ஸ்வாட்ச் குழுமம், இனி வெளியாட்களுக்கு அடிப்படை எஞ்சின்கள் கொடுப்பதைக் குறைத்து நிறுத்தப் போகிறோம் என்று அறிவித்தது. போட்டி ஆணையம் தலையிட்டு அதை மெதுவாக்கியது. ஆனால் செய்தி எல்லாருக்கும் விளங்கிவிட்டது. உன் போட்டியாளன்தான் உனக்கு எஞ்சின் தருகிறவன் என்றால், நீ எப்போது மூச்சு விடலாம் என்று தீர்மானிப்பவனும் அவன்தான். ஒரு கிளவுட் நிறுவனம் விலையை மாற்றியபோதோ, ஒரு ஏ.பி.ஐ. மூடப்பட்டபோதோ தலையில் கை வைத்தவர்களுக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஓரிஸ் செலிட்டா என்ற இன்னொரு நிறுவனத்தின் எஞ்சின்களுக்குப் போனது. நல்ல எஞ்சின்கள்தான். அதோடு, எஞ்சினைத் தொட முடியாவிட்டாலும் வெளியே என்ன செய்யலாம் என்று ஓரிஸ் காட்டிய ஒரு வேலையைச் சொல்லாமல் போக மனமில்லை.

2013இல் வந்த அக்குயிஸ் டெப்த் கேஜ் ஒரு சுழியோடி மணிக்கூடு. எவ்வளவு ஆழத்தில் நிற்கிறீர்கள் என்று காட்டும். சென்சர் இல்லை, முள் இல்லை, பல்லுச்சக்கரம் இல்லை. மணிக்கூட்டை மூடியிருக்கிற சபயர் கண்ணாடியின் ஓரத்தைச் சுற்றி ஒரு மெல்லிய வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். அதன் ஒரு முனை 12 மணி எண்ணுக்குப் பக்கத்தில் திறந்திருக்கும். தண்ணீருக்குள் இறங்கினால் தண்ணீர் அதற்குள் நுழையும். உள்ளே அகப்பட்ட காற்று அழுத்தப்படும். தண்ணீர் எதுவரைக்கும் வந்திருக்கிறதோ அதுதான் உங்கள் ஆழம்.

பள்ளிக்கூடத்தில் படித்த பொயில் விதிதான். தண்ணீருக்கு மேலே அழுத்தம் ஒன்று. 10 மீட்டரில் இரண்டு, காற்று பாதியாகும். 20 மீட்டரில் மூன்று, காற்று மூன்றில் ஒன்றாகும். 30இல் நான்கில் ஒன்று. அதனால் அளவுகோலில் முதல் 10 மீட்டருக்குப் பெரிய இடம், ஆழம் கூடக்கூடக் கோடுகள் நெருங்கும். சுழியோடி மேலே வரும்போது அழுத்தம் விகிதாசாரப்படி மிக வேகமாக மாறுவது கடைசிச் சில மீட்டரில்தான். கருவியும் அங்கேதான் கூடத் தெளிவாக இருக்கிறது. இயற்பியலே அப்படி அமைத்துக் கொடுத்தது. அசைகிற பகுதி ஒன்றுகூட இல்லாமல் ஒரு அளவைக் கருவி. இதைவிட வடிவான எஞ்சினியரிங் எனக்குத் தெரியாது.

சொந்த எஞ்சின்

2014இல், நிறுவனத்துக்கு 110 வயதானபோது, காலிபர் 110 வந்தது. ஏறக்குறைய 35 வருடத்துக்குப் பிறகு ஓரிஸின் சொந்த எஞ்சின். லு லொக்ல் தொழில்நுட்பப் பள்ளியின் உதவியோடு உருவாக்கியது. நிறுவியவர்கள் புறப்பட்டு வந்த ஊர், ஞாபகம் இருக்குதானே?

அதில் ஒரே ஒரு பரல். பரல் என்றால் சுருள்வில்லை வைத்திருக்கிற சின்ன உருளை. அதற்குள் 1.8 மீட்டர் நீளமான வில். உங்களில் கனபேரின் உயரத்தைவிட நீளம். ஒரு தரம் முழுதாகச் சாவி கொடுத்தால் 10 நாள் ஓடும். மிச்சம் எத்தனை நாள் என்று காட்டுகிற முள் சரிசமமாக நகராது. வில் முழுதாக இருக்கும்போது கோடுகள் நெருக்கமாகவும், முடிய வர வர அகலமாகவும் இருக்கும். காரில் பெற்றோல் முடியப் போகும்போதுதான் முள்ளை உற்றுப் பார்ப்போம். அந்த நேரத்தில்தான் விவரம் தேவை. அந்த யோசனைதான் இங்கேயும்.

ஆனால் 110 அபூர்வமான ஒரு வேலை, எண்ணிச் செய்தது. நாளாந்தம் கட்டுகிற மணிக்கூட்டுக்கான எஞ்சின் 2020இல் வந்த காலிபர் 400. அதற்கு ஐந்து வருடம் எடுத்தது.

400ஐ நான் கூட மதிப்பது அதன் எண்களுக்காக இல்லை. அவர்கள் தொடங்கிய கேள்விக்காக. மெக்கானிக்கல் மணிக்கூடு வைத்திருக்கிறவனுக்கு உண்மையில் எரிச்சல் தருவது எது?

முதலாவது, நின்றுவிடுவது. சாதாரண எஞ்சின் 38 மணித்தியால அளவில் ஓடும். வெள்ளி மாலை ஆறு மணிக்குக் கழற்றி வைத்தால் திங்கள் காலை எட்டு மணிக்கு 62 மணித்தியாலம். மணிக்கூடு ஞாயிறு காலையே நின்றிருக்கும். 400இல் இரண்டு பரல்கள், ஒவ்வொன்றிலும் இரண்டரை நாளுக்கான நீளமான வில், மொத்தம் ஐந்து நாள். வில்லின் சக்தி வழியில் வீணாகாமல் இருக்கப் பல்லுச்சக்கரங்களையும் திரும்ப வடிவமைத்தார்கள்.

இரண்டாவது, காந்தம். இது எங்கள் தலைமுறையின் பிரச்சினை. போனுக்குப் பின்னால் காந்தம், ஹெட்போனில் காந்தம், கைப்பையின் பூட்டில் காந்தம். மணிக்கூட்டுக்குள் தலைமயிர் அளவு மெல்லிய ஒரு சுருள் இருக்கிறது. அது காந்தமேறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, மணிக்கூடு தறிகெட்டு வேகமாக ஓடும். 400இல் 30க்கு மேற்பட்ட துண்டுகள் காந்தம் பிடிக்காத பொருட்களால் ஆனவை. எஸ்கேப்மென்ட்டின் சக்கரமும் நெம்புகோலும் சிலிக்கன். காந்த எதிர்ப்பு மணிக்கூடு என்று சொல்ல வேண்டுமானால், 200 கௌஸ் காந்தப் புலத்துக்குப் பிறகு நாளுக்கு 30 செக்கனுக்குள் பிழைக்க வேண்டும் என்பது சர்வதேச நியமம். லபோரத்வார் டியூபுவா என்ற ஆய்வுகூடம் 400ஐ 2,250 கௌஸில் வைத்துப் பார்த்தது. 10 செக்கனைவிடக் குறைவாகவே பிழைத்தது.

சிலிக்கன் என்பதைக் கவனித்தீர்களா? குவார்ட்ஸ் மணிக்கூட்டின் மூளையாக வந்து இந்தத் தொழிலைக் கொன்ற அதே பொருள், இப்போது பல்லுச்சக்கரமாக உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது.

மூன்றாவது, திருத்த வேலை. கை அசையும்போது சுழன்று வில்லை இறுக்குகிற அரைவட்டத் தகட்டுக்கு ரோட்டர் என்று பெயர். ஓரிஸின் பல மணிக்கூடுகளில் அது சிவப்பு. பல மணிக்கூடுகளில் அந்த ரோட்டர் சின்னச் சின்னக் குண்டுகள் வைத்த பெயரிங்கில் சுழலும். அடிக்கடி பழுதாகிற இடங்களில் அதுவும் ஒன்று. ஓரிஸ் அந்தக் குண்டுகளையே எடுத்துவிட்டது. எண்ணெய் போட்ட ஒரு குழாய்க்குள் ஓர் உலோகத் தண்டு, அவ்வளவுதான். பழுதாகிற பகுதியைத் திறமாகச் செய்வதைவிட, அந்தப் பகுதியே இல்லாமல் செய்வது நல்லது. நல்ல புரோகிராமருக்கும் இது தெரியும்: நீ எழுதாத வரியில் பிழை வராது.

இதையெல்லாம் சேர்த்துத்தான் 10 வருட உத்தரவாதம் கொடுத்தார்கள், நீங்கள் மணிக்கூட்டைப் பதிவு செய்தால். 10 வருடத்துக்கு ஒரு தரம் சேர்விஸ் செய்தால் போதும் என்றும் சொன்னார்கள். துல்லியம் நாளுக்கு மைனஸ் மூன்றிலிருந்து பிளஸ் ஐந்து செக்கன். குவார்ட்ஸை இன்றைக்கும் வெல்லவில்லை. வெல்ல முயலவும் இல்லை.

நாலாவது பூட்டு யாருக்கு?

இங்கேதான் நான் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறேன்.

ஈ.டி.ஏ., செலிட்டா எஞ்சின்களில் ஒரு நன்மை இருந்தது. லட்சக்கணக்கில் வெளியே இருப்பதால், மூலைக்கடை மணிக்கூடு திருத்துகிறவருக்கும் அதன் உள்ளும் புறமும் தெரியும். பாகமும் கிடைக்கும். யாழ்ப்பாணத்தில் கண்ணில் லென்சை வைத்துக்கொண்டு குனிந்திருக்கிற ஐயாவும் சமாளிப்பார். அப்பா ஊரிலிருந்து கொண்டுவந்த மணிக்கூடு இன்றைக்கும் ஓடுகிறது என்றால், அந்த மாதிரி ஒரு ஐயா அதைத் திறந்து பார்க்க முடிந்ததால்தான்.

சொந்த எஞ்சின் என்றால் பாகமும் சொந்தம். சிலிக்கன் சக்கரத்தை அரத்தால் ராவ முடியாது, வளைத்து நிமிர்த்தவும் முடியாது. உடைந்தால் புதிது வேண்டும், அது ஹோல்ஸ்டைனிலிருந்துதான் வர வேண்டும். ஓரிஸ் தன் பூட்டுகளிலிருந்து தப்பியது. ஆனால் அந்தச் சாவி இப்போது உங்கள் கையில் இல்லை, அவர்கள் கையில். போனைத் திருத்துகிற உரிமை பற்றி நாங்கள் எத்தனை எபிசோட் செய்திருக்கிறோம்? அதே கேள்வியை இங்கேயும் கேட்கத்தான் வேண்டும்.

அவர்களுக்காக ஒன்று சொல்லலாம். விலங்கு மாட்டுகிற நிறுவனங்கள் சாதாரணமாக அடிக்கடி வரச் சொல்லும், ஒவ்வொரு முறையும் காசு எடுக்கும். இவர்கள் 10 வருடத்துக்கு வராதே என்கிறார்கள். தங்கள் சேர்விஸ் வருமானத்தைத் தாங்களே குறைக்கிறார்கள். வெளிப் பங்குதாரர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பதில் சொல்கிற நிறுவனத்துக்கு இந்த முடிவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். சுதந்திரத்தின் பயனே அதுதான்: லாபம் தள்ளிப்போகிற ஒரு முடிவை எடுக்க முடிவது.

ஆனால் தீர்ப்பு இன்னும் வரவில்லை. 2020இல் விற்ற முதல் 400 மணிக்கூடுகளுக்கு 10 வருடம் முடிவது 2030இல். ஆய்வுகூடத்தில் வேகமாக்கிப் பார்த்த பத்து வருடமும், வியர்வை, தூசி, சமையலறைச் சூடு, கைக்குழந்தையின் இழுவை எல்லாம் பட்ட பத்து வருடமும் ஒன்றில்லை. அந்த மணிக்கூடுகளைத் திறக்கிறபோதுதான் ஐந்து வருட எஞ்சினியரிங் சரியா பிழையா என்று தெரியும்.

அவற்றைத் திறக்கப் போகிறவர் யார் என்பதும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்த நாட்டில் மணிக்கூடு செய்பவராக நான்கு வருடத் தொழிற்பயிற்சி இருக்கிறது. கிரென்ஹனில் அதற்கென்றே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. எங்கள் வீடுகளில் டொக்டர், எஞ்சினியர், வங்கி என்றுதான் கதை போகும். பதினைந்து வயதுத் தம்பி, தங்கச்சி யாராவது கையால் நுணுக்கமாக வேலை செய்ய விருப்பம் என்று சொன்னால், அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள் பார்க்கக் கூட்டிக்கொண்டு போங்கோ.

ஏற்கெனவே அந்தப் பயிற்சியில் இருப்பவர்கள், பாகங்கள் செய்கிற தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள் யாராவது இதை வாசித்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கோ. சிலிக்கன் சக்கரத்தைக் கையில் பிடித்துப் பார்த்த ஒருவரோடு மைக்குக்கு முன்னால் இருந்து கதைக்க ஆசை.

அடுத்த கிழமை: உங்கள் மின்சைக்கிள் பற்றரியைத் திறக்க உங்களுக்கு உரிமை இருக்கா? அதில் சந்திப்போம்.